கரைமேல் போன விளக்கு

பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கீங்க? இந்தக் குளிருக்கு உங்க கால் ஒத்துழைக்குதா?

ஒரு உதவி கேட்டு எழுதறேன். கரை உடைஞ்ச வருஷத்தை வெச்சு ஒரு நாவல் எழுத ஆரம்பிச்சிருக்கேன். நம்ம ஊர் ஏரிக்கரை உடைஞ்சு கீழத்தெரு முழுக்கத் தண்ணியில் போன அந்தச் சாயங்காலம்தான் கதை. பழைய செய்தித்தாளில் தேடினேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததுக்கு நாலு வரிதான் போட்டிருக்காங்க.

அம்மா அதைப் பத்தி வாயே திறந்ததில்லை. போன வருஷம் கண்ணை மூடும்வரைக்கும் திறக்கலை. மழை வலுத்தா மட்டும் வந்து என் கையைப் பிடிச்சுக்குவாங்க. எனக்கு விரல் வலிக்கும். மழை விட்டதும் ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்து போய் வேலையைப் பார்ப்பாங்க. நான் எழுத நினைக்கறதே அந்தக் கையைப் பத்தித்தான். ஆனா அதுக்குப் பின்னால் என்ன இருந்ததுன்னு தெரியாம எப்படி எழுத?

உங்க சைக்கிள் கடைக்கு வராத ஆள் ஊரில் இல்லை. பெரியவங்களைக் கேட்டு, அவங்க சொன்னதைச் சொன்னபடி எழுதி அனுப்புங்க மாமா. கரை தானா உடைஞ்சதா, யாராவது வெட்டிவிட்டாங்களான்னு அப்போ ஒரு பேச்சு இருந்ததாமே, அதையும் கேளுங்க.

அத்தைக்கு என் அன்பு.

உங்க மருமகள்

பிப்ரவரி 21

என் அக்கா பெற்ற அறிவுச்சுடரே, மருமகளே,

நானும் உன் அத்தையும் சுகம். சுகத்துக்கே பொறாமை வரும் அளவுக்குச் சுகம்.

சரியான ஆளைப் பிடிச்சிருக்கே. எட்டாவது வரைக்கும் படிச்சவன் நான். ஒன்பதாவது எனக்குத் தேவைப்படலை. சரித்திரம் எழுதறவங்க ஆவணத்தைத் தேடி அலைவாங்க. உனக்கு ஆவணமே சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அந்தச் சாயங்காலம் ஒரு கதவுப்பலகை மேல் ஏறி நான் காப்பாத்தின உயிர் எத்தனைன்னு எண்ணினவன் கிடையாது. எண்ண வந்தவனையும் சேர்த்துத்தான் காப்பாத்தினேன். கடைசியில் ஒரு உத்தரம் வந்து இந்தக் காலில் இடிச்சது. இன்னிக்கும் இழுத்து இழுத்து நடக்கிறேனே, அது சும்மா வந்த நடை இல்லை. பதக்கம்!

வேலையை அன்னிக்கே தொடங்கிட்டேன். டியூபைக் கழற்றிப் போட்டதும் வந்த ஆள் எங்கேயும் போக முடியாது. "கரை உடைஞ்ச கதையைச் சொல்லு" என்பேன். என்ன சொல்றான் தெரியுமா? "இருட்டு. தண்ணி சத்தம்." அவ்வளவுதான்! எல்லாரும் அதையே சொல்றாங்க. இதை வெச்சுக்கிட்டு நீ என்ன நாவல் எழுதுவே, இவ்வளவு துணிக்குக் கைக்குட்டைதான் தைக்கலாம்.

பால்காரம்மாவைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் என்கூடப் படிச்சவங்க. அவங்க தம்பி, சின்னப் பையன், அன்னிக்குத்தான் போனான். பாலை மட்டும் ஊத்திட்டுப் போயிட்டாங்க.

அதனால் என் கண்ணாலேயே பார்த்ததைச் சொல்றேன், எழுதிக்கோ. கரை உடையறதுக்குச் சற்று முன்னால், விளக்கு வைக்கிற நேரம், கரைமேல் ஒரு ஆள் போனான். கையில் அரிக்கேன் விளக்கு. அது மின்மினி மாதிரி விட்டு விட்டு எரிஞ்சது. காலை இழுத்து இழுத்து நடந்தான். தோளில் மண்வெட்டி. முகம் தெரியலை.

எப்படி? உடம்பு சிலிர்க்குதா?

உன் அத்தை அடுப்படியிலிருந்து "பொய் சொல்லாம எழுதுங்க"ன்னு கத்தறா. அவளும் உன்னை விசாரிச்சா.

உன் மாமா

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்க கடிதத்தை நாலைந்து முறை படிச்சுட்டேன்.

அந்த விளக்கு! இவ்வளவு நாளா என் கதைக்கு உடம்பு இருந்தது, உயிர் இல்லை. ஒரே மூச்சில் முதல் அத்தியாயம் எழுதி இதோடு வெச்சிருக்கேன்.

ஆனா ஒருத்தர் பார்த்ததை மட்டும் நம்பி ஒரு ஊரின் மேல் இப்படி ஒரு ஆளை நடமாடவிட எனக்குத் தைரியம் இல்லை. வேற யாராவது பார்த்தாங்களான்னு கேளுங்க. தனித்தனியா கேளுங்க மாமா. நீங்களா எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க.

அத்தையின் முதுகுவலி எப்படி இருக்கு?

மருமகள்

மார்ச் 24

பேனா பிடித்த பெருமாட்டியே, மருமகளே,

சுகம். அத்தைக்கு முதுகுவலி போய் இப்போது வாய்வலி. என்னைத் திட்டித் திட்டி.

நீ ஒரு சாட்சி கேட்டே. நான் அஞ்சு பிடிச்சு வெச்சிருக்கேன். கணக்கு வாத்தியார் பார்த்திருக்கார்: "ஆமாம்பா, காலை இழுத்துக்கிட்டு ஒருத்தன் போனான், விளக்கு மின்மினி மாதிரி எரிஞ்சது." முடி வெட்டறவர் பார்த்திருக்கார். மாவு மில்காரர் பார்த்திருக்கார், மண்வெட்டி பளபளத்ததாம். அவர் தங்கச்சியும் பார்த்திருக்கு. அஞ்சாவது நம்ம தபால்காரர். "மின்மினியேதான் அண்ணே"ன்னு அடிச்சுச் சொல்றார்.

நான் எடுத்துக் கொடுக்கவே இல்லை. வறண்ட கைப்பம்புக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவோமில்லையா, அதே மாதிரி நான் பார்த்ததைக் கொஞ்சம் சொல்லி ஆரம்பிச்சு வைப்பேன். அப்புறம் பாரு, கொட்டுது!

உன் அத்தியாயம் பிரமாதம். என்னைப் போலவே எழுதறே. வர்ற ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஊரைக் கூட்டி உரக்கப் படிக்கப் போறேன். நூலகர் நாற்காலி எல்லாம் துடைச்சு வெச்சுட்டார்.

தலை நிமிர்ந்து,
உன் மாமா

மார்ச் 29

மாமா,

உங்க நலனையும் அத்தை நலனையும் மனசில் கேட்டுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். தயவுசெய்து அதைப் படிக்காதீங்க.

அஞ்சு பேரும் எப்படி ஒரே மின்மினியைச் சொல்வாங்க? தபால்காரருக்கு வயசு முப்பதுதானே? கரை உடைஞ்சப்போ அவர் பிறக்கவே இல்லையே! நீங்க ஊத்தின தண்ணிதான் திரும்பி வந்திருக்கு.

டியூபைத் தொட்டித் தண்ணியில் முக்கி ஓட்டை பார்ப்பீங்களே, அப்படி இதையும் முக்கிப் பார்த்துச் சொல்லுங்க. அந்த ஆளை நீங்க நிஜமா பார்த்தீங்களா? கீழத்தெருவில் ஆளைப் பறிகொடுத்தவங்க இன்னும் இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு.

இந்தக் கடிதம் ஞாயிறுக்கு முன்னால் வந்துசேரணும்.

மருமகள்

மே 2

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீ கவலைப்படறதுக்கு இங்கே ஒண்ணுமில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. படிப்பு ஞாயிறே முடிஞ்சது. பயங்கர வரவேற்பு. கூட்டம் கலையவே மனசில்லாம கலைஞ்சது. பதில் எழுதத் தாமதம் ஆயிட்டுது, கை வேலை ஜாஸ்தி.

கடையைக் கொஞ்ச நாள் சாத்தி வெச்சிருக்கேன். வர்ண வேலை. கண்ணாடியும் பழசாயிட்டுது, அதையும் மாத்தணும். ஆளுங்க வராததால் ரொம்ப நிம்மதி. பால் நிறுத்தியாச்சு, இந்த வயசில் கறுப்புத் தேநீர்தான் உடம்புக்கு நல்லதாம், எங்கேயோ படிச்சேன்.

கதையில் சின்னதா ஒரு திருத்தம். அந்த விளக்குக்காரன் காலை இழுக்க வேண்டாம். நேராவே நடக்கட்டும். நல்லா யோசிச்சுப் பார்த்தா அவன் நேராத்தான் நடந்தான். ஏதாவது அடையாளம் வேணும்னா ஒத்தைக் கண்ணு வெச்சுக்கோ. ஆனா நம்ம ஊரில் ஒத்தைக் கண்ணு யாருக்கும் இல்லைதானேன்னு ஒருதரம் என்னைக் கேட்டுட்டு எழுது.

விடுமுறைக்கு இங்கே வர நினைச்சிருந்தா, வராதே. வெயில் அதிகம்.

மாமா

மே 8

அன்புள்ள மாமாவுக்கு,

ரெண்டு பேரும் நிஜமா நலமா? என்ன நடந்தது? ஒரு கடிதத்தில் ஒரே ஒருமுறைகூட நீங்க உங்களைப் புகழ்ந்துக்காம எழுதி நான் பார்த்ததில்லை.

அத்தைக்கும் தனியா எழுதியிருக்கேன்.

மருமகள்

மே 15

கண்ணு,

நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடறியா? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், பொறுத்துக்கோ.

உன் மாமா எழுத மாட்டார், நான் சொல்றேன். அன்னிக்கு நூலகத்தில் அவர் படிச்சு முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் தபால்காரத் தம்பி எழுந்து, "அது சரி, அந்தக் காலத்தில் நம்ம ஊரில் காலை இழுத்து நடந்தது யாரு?"ன்னு விளையாட்டாத்தான் கேட்டான். எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்புச்சு. கால் போனது கரை உடைஞ்ச அன்னிக்குத்தான்னு வாழ்நாள் பூரா ஊருக்குச் சொன்னவர் இவர்தானே, முன்னேயா பின்னேயான்னு பார்க்காம கரையை வெட்டினவனே இவர்தான்னு முடிவு கட்டிட்டாங்க.

அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடிச்சிருந்தவ நான்தான். கீழே நின்னவங்ககிட்ட அண்ணாந்து பேசத் திரும்பினார், விழுந்தார். அவர் சொல்லிச் சொல்லி, அவர் நல்லா நடந்ததைப் பார்த்த பெரியவங்களே அதை மறந்துட்டாங்க.

இப்போ கடைக்கு யாரும் வர்றதில்லை. யாரோ கல்லெறிஞ்சு கண்ணாடி போச்சு. பால்காரம்மா பால் ஊத்தறதை நிறுத்திட்டு, வெறுங்கையோட வந்து வாசல்ல நிக்குது. "நீதானா?"ன்னு ஒரே கேள்வி. இவர் உள்ளே கதவுக்குப் பின்னால் நிக்கறார். அந்தம்மா மகன் இவர் ரெண்டாவது காலையும் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கானாம். வர்ற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நூலகத்தில் கூட்டம், இவர் வந்து பதில் சொல்லணுமாம்.

"ஏணியைச் சொல்லித் தொலைங்களேன்"னு அழுதுட்டேன். "ஏணியைச் சொன்னா அன்னிக்கு எங்கே இருந்தேன்னு அடுத்த கேள்வி வரும்டி"ங்கறார். எங்கே இருந்தீங்கன்னு கேட்டா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அத்தை

மே 19

மாமா, அத்தை இருவருக்கும்,

தைரியமா இருங்க. இதோடு தனியா ஒரு தாள் வெச்சிருக்கேன். கூட்டத்தில் அதை எடுத்துப் படிச்சுடுங்க. விளக்கு, மண்வெட்டி, கால் எல்லாமே நான் கற்பனையா எழுதினது, மாமா சொன்னதில்லைன்னு என் கையெழுத்தோட எழுதியிருக்கேன். பழி என்மேல் விழட்டும். நான் தூரத்தில் இருக்கேன், எனக்குக் கண்ணாடி உடையாது.

முடிஞ்சதும் உடனே எழுதுங்க. தபால் வரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது.

மருமகள்

மே 29

மாமன் மானம் காக்க வந்த மருமகளே,

சுகம். ரெண்டு காலும் இருக்கு.

நூலகத்தில் நிற்க இடமில்லை. பால்காரம்மா முன்வரிசையில். அவங்க மகன் கதவில் சாய்ஞ்சு, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு நின்னான். உன் தாள் என் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், எடுக்கலை. அதைப் படிச்சா என்ன ஆகும்? "நம்ம செத்தவங்களை வெச்சுக் கதை கட்டினா"ன்னு இந்த ஊர் உன்னைச் சொல்லும். என் அக்கா மகளை அப்படிச் சொல்ல நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?

கணக்கு வாத்தியார் எழுந்து, "அன்னிக்கு நீ எங்கே இருந்தே, சொல்லு"ன்னார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "கரை உடைஞ்சதும் ஓட்டையில் என் முதுகைக் கொடுத்து அடைச்சேன். முதுகு வலிச்சதும் மாவு மில்லைப் பேர்த்து அடைச்சேன்"னேன். மாவு மில்காரர் திருதிருன்னு முழிச்சார். "தாகமா இருந்தது, பாதி ஏரியைக் குடிச்சேன். மீனெல்லாம் வந்து வழி கேட்டது, இடது பக்கம் போகச் சொன்னேன்"னேன். முதலில் நூலகர் வாயைப் பொத்திக்கிட்டார். அப்புறம் பின்வரிசையில் ஒரு செருமல். நான் விடலை. "ஒரு முதலை வந்து இந்தக் காலைக் கவ்வுச்சு. ருசி பிடிக்காம துப்பிடுச்சு, அதான் இழுக்குது"ன்னேன்.

"ஏணி!"ன்னு பின்னாலிருந்து ஒரு குரல். உன் அத்தை. நாற்காலி மேல் ஏறி நிக்கறா! "முதலையுமில்லை, உத்தரமுமில்லை! பலகை மாட்ட ஏறி ஏணியிலிருந்து விழுந்தார்! நான்தான் பிடிச்சிருந்தேன்!"

கூரை பறந்துட்டுது மருமகளே. முடி வெட்டறவர் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துட்டுது. "இந்த ஆளா கரையை வெட்டினார்? இவருக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாதே!" பால்காரம்மா மகனும் சிரிச்சான். மடிச்ச கையை இறக்கி விட்டுக்கிட்டே.

பால்காரம்மா சிரிக்கலை. "அப்போ விளக்கும் பொய்யா?"ன்னு கேட்டாங்க.

"பொய்தாம்மா."

"நாற்பது வருஷமா தண்ணியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். தண்ணிக்குக் காது கிடையாது. இந்த ரெண்டு மாசமாத்தான் திட்ட ஒரு ஆள் இருந்தான். அவனையும் எடுத்துக்கிட்டியா?"

கூட்டம் கலைஞ்சது.

கடை திறந்தாச்சு. ஆனா இப்போ நான் "டியூபில் ஓட்டை இல்லை"ன்னு சொன்னா ஒரு பய நம்பறதில்லை. அவனே தொட்டியில் முக்கிப் பார்க்கறான்.

மாமா

ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைச்சதும்தான் மூச்சு வந்தது. அத்தையை நாற்காலியிலிருந்து பத்திரமா இறக்கினீங்களா?

முதல் அத்தியாயத்தைக் கிழிச்சுட்டேன். விளக்கு இல்லாமலே எழுதறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்களும் அம்மாவும் எங்கே இருந்தீங்க? பெருசா ஒண்ணும் வேண்டாம். எவ்வளவு சின்னதா இருந்தாலும் போதும். சொல்ல முடியாதுன்னா அதையாவது எழுதுங்க, இனி கேக்க மாட்டேன்.

உங்க பதிலுக்காக,
மருமகள்

ஜூலை 18

மருமகளுக்கு,

சுகம். தாமதத்துக்குக் கோபிக்காதே. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கா, ஒரு வார்த்தை கூடுதலா வந்தா அடிக்க.

பள்ளிக்கூடத்துக் கூரைமேல் இருந்தோம். இருட்டிட்டுது. தண்ணி சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பதினேழு வயசு, பயத்தில் அழுதேன். அக்கா ஓட்டு முகட்டில் உட்கார்ந்து ஒரு கையில் என்னைப் பிடிச்சிருந்தா. இன்னொரு கையில் ஒரு சின்னப் பையனை. எங்களோடு ஏறினவன், பால்காரம்மா தம்பி.

பக்கத்துச் சுவர் விழுந்தப்போ கூரை ஆடுச்சு. பையன் சறுக்கினான். அக்கா அவனை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தா. என்னை விட்டிருந்தா ரெண்டு கையாலும் பிடிச்சிருக்கலாம். என்னை விடலை.

காலையில் தண்ணி வடிஞ்சதும் இறங்கினோம். யாரும் பார்க்கலை. அக்கா அதை யார்கிட்டயும் சொல்லலை. யாராவது "நீங்க எங்கே இருந்தீங்க?"ன்னு கேட்க வாயெடுத்தா, அதுக்கு முன்னால் நான் அந்தக் கதவுப்பலகைக் கதையில் ஏறிடுவேன். அப்படியே பழகிட்டுது. அவ போன பிறகும் இறங்கத் தெரியலை.

போன வாரம் பால்காரம்மா வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அத்தையும் கூட வந்தா. எனக்கு என்ன நடந்தாலும் சரின்னுதான் போனேன்.

அந்தம்மா "அவன் தனியா போகலையா?"ன்னு கேட்டாங்க.

"இல்லை."

"கையைப் பிடிச்சிருந்தாளா உங்க அக்கா?"

"பிடிச்சிருந்தா. அவ கையிலிருந்துதான் போனான்."

முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போனாங்க. நாங்க கிளம்பி வாசலுக்கு வந்துட்டோம். பின்னாலேயே பால் சொம்போட வந்து அத்தை கையில் கொடுத்தாங்க.

நீ எழுதறதைச் சொல்லி, எழுதலாமான்னு கேட்டேன். என்னைப் பார்க்காம அத்தையைப் பார்த்துத்தான் பதில் வந்தது.

"எழுதட்டும். ஆனா நூலகத்தில் படிக்க இந்த ஆளை மட்டும் விடாதீங்க."

மாமா